அம்மாவுக்காக வாசித்த அத்தியாயம்

என் அம்மா புத்தகக் கடையில் வேலை பார்த்தாள். புத்தகம் படிக்கிறவள் அல்ல. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்கள், செருப்புக் கடைக்காரரிடம் போய் நீங்கள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. அம்மாவிடம் மட்டும் கேட்டார்கள். இத்தனை புத்தகத்துக்கு நடுவில் இருக்கிறீர்களே, எவ்வளவு படித்திருப்பீர்கள் என்று. அதற்கு அவளிடம் ஒரே பதில்தான்.

"தண்ணித் தொட்டி கழுவுறவன் எல்லாத் தண்ணியையும் குடிக்கிறது இல்லைங்க."

அப்பா இறந்த பிறகு அவள் முதலில் சேர்ந்தது ஒரு துணிக்கடையில். பிரித்துக் காட்டியதைத் திரும்ப மடித்து வைப்பது வேலை. வாங்குகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்; அம்மா மீதி மலையை மடிப்பாள். அங்கிருந்து நாலு கடை தள்ளியிருந்த புத்தகக் கடைக்கு மாறியதற்குக் காரணம் இலக்கியம் அல்ல. புத்தகத்தை மூடினால் போதும், மடிக்க வேண்டாம் என்பதுதான். ஏணியில் ஏறத் தெரியுமா என்று மட்டும் முதலாளி கேட்டாராம். ஏறுவேன், ஆனால் கீழே நின்று யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்றாளாம். அதற்குப் பிறகு கடைசி வரை அந்தக் கடைதான்.

முதலாளிக்குப் புத்தகம் என்றால் உயிர். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அம்மா இருந்தாள். நல்ல புத்தகம் விற்றுப்போனால் அவருக்கு முகம் வாடிவிடும். பெண்ணைக் கட்டிக் கொடுத்த மாதிரி வாசல்வரை போய் நிற்பார். அம்மாவுக்கு அந்த வியாதி கிடையாது. புதிதாக வந்த புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பாள். கல்யாணத்தில் முடிந்தால் கண் மட்டத்து அடுக்கு. யாராவது செத்தால் இடுப்பளவு. ஒன்றுமே நடக்காமல் யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் மேல் அடுக்கு. அதைக் கேட்டு வருகிறவன் ஏணி போடச் சொல்லியும் கேட்பான் என்பது அவள் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

நின்றுகொண்டே முழுப் புத்தகத்தையும் படித்து முடித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாக் கடையிலும் உண்டு. அவர்கள் பக்கத்தில் அம்மா சத்தமில்லாமல் போய் நிற்பாள். கால் வலிக்கப் போகிறது, வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டு படியுங்கள் என்பாள், மெய்யான கவலையோடு. சிலர் வாங்குவார்கள். மற்றவர்கள் திரும்பி வர மாட்டார்கள். இரண்டும் லாபம்தான் என்பாள்.

கடைக்கு மேலே ஒரு கூடம் இருக்கிறது. முன்பு சரக்கு வைத்திருந்த இடம். ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் பழைய அட்டைப்பெட்டிகள், நடுவில் சுற்றும்போது கிறீச்சிடுகிற மின்விசிறி. மாதம் ஒரு எழுத்தாளரை அழைத்து அங்கே வாசிக்க வைக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. எழுத்தாளரை அழைப்பது அவர் வேலை. நாற்காலி போடுவது அம்மாவின் வேலை. அந்த நாற்காலிகளில் ஆள் உட்கார வைப்பது யாருடைய வேலையும் அல்ல. ஆகவே அதுவும் அம்மாவின் வேலை ஆயிற்று.

கூட்டம் நடக்கிற நாளில் மத்தியானமே ஆரம்பித்துவிடுவாள். முதல் போன் சித்திக்கு. சித்தி அம்மாவின் தங்கை, வீட்டிலேயே தையல். அடுத்து இஸ்திரிக் கடைக்காரர், தண்ணீர்க் கேன் போடுகிறவர், எதிர் மாடிப் பல் டாக்டரிடம் சீட்டுக் கொடுக்கிற பெண், எங்கள் வீட்டுக்கு மேலே குடியிருந்த, ஓய்வு பெற்ற கண்டக்டர். கண்டக்டர் ஒருமுறை வர முடியாது என்று சொல்லிப் பார்த்தார். அம்மா மாடிப்படியில் நின்றபடியே சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது.

"வீட்ல சுவத்தத்தானே பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்க. அங்க வந்து ஒரு மனுஷனப் பாருங்க. சுவத்த விடக் கொஞ்சம் அசைவார்."

வந்தார்.

வந்தவர்களுக்குப் பயிற்சியும் உண்டு. தூக்கம் வந்தால் இரண்டு கண்ணையும் ஒன்றாக மூடக் கூடாது. தலையை லேசாகச் சாய்த்து, விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டால் யோசிக்கிற மாதிரி இருக்கும். எழுத்தாளர் தண்ணீர் குடித்தால்தான் கை தட்ட வேண்டும்; நிறுத்தினால் எல்லாம் தட்டிவிடக் கூடாது, பல பேர் அழகுக்காக நிறுத்துவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். இது எப்படி உங்களுக்குத் தோன்றியது என்று கேட்டால் போதும், அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். சித்தி மட்டும் இந்தப் பயிற்சிக்கு அடங்கவில்லை. மடியில் சட்டையை வைத்து, குனிந்தபடி பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். மேடையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆழ்ந்து கேட்பதாகத் தெரிந்தது. அம்மா விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூட நாளில் என் வீட்டுப்பாடமெல்லாம் அந்தக் கூடத்தில்தான். எழுத்தாளர்களுக்கு அம்மா வைத்த பெயர்கள்தான் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர் தியானம். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பவர் தவில். காதோரம் முனகுகிற மாதிரி கவிதை சொல்கிற அம்மையார் கொசு. எதற்காக இத்தனை பாடு என்று ஒருமுறை கேட்டேன். ஆள் உட்கார்ந்த நாற்காலியில் தூசி இருக்காது, துடைக்கிற வேலை மிச்சம் என்றாள்.

இவர்களில் மூத்தவர் செருமல்.

ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வருஷம் தவறாமல் ஒரு புத்தகம். ஒவ்வொன்றும் முதலில் எங்கள் கடை மாடியில்தான் வாசிக்கப்படும். மற்ற எழுத்தாளர்கள் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விடுவார்கள். இவர் கதாநாயகனின் தாத்தாவிலிருந்து ஆரம்பிப்பார். அவருடைய பெருமையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். மற்றவர்களுக்கு விற்பனை இருக்கிறது, எனக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்பார். வருஷா வருஷம் வருகிற அதே முகங்கள். இஸ்திரிச் சூடு ஆறாத கையோடு வருகிற தொழிலாளி, மூன்றாம் வரிசையில் தலை நிமிராமல் கேட்கிற பெண்மணி. ஒரு முன்னுரையில் அவர்களுக்கு நன்றி சொல்லி எழுதியும் இருக்கிறார். சித்தி அதை என்னிடம் காட்டி, நூல் தீர்ந்துபோச்சுன்னு கீழ பாத்தது இவருக்கு இப்படித் தெரிஞ்சிருக்கு பாரு என்று சிரித்தாள்.

அம்மா கடைசியாக உட்கார்ந்த கூட்டமும் அவருடையதுதான். நான் அப்போது வேலையில் வெளியூரில் இருந்தேன். நடந்ததைச் சித்தி சொன்னாள்.

அன்றைக்கு மழை. வர வேண்டியவர்கள் பாதிப் பேர் வரவில்லை. எப்போதும் பின்னால் நிற்கிற அம்மா, முன் வரிசை காலியாக இருக்கிறது என்று சித்தியையும் இழுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே வயிற்றில் வலி. வாயு என்று தானே முடிவு பண்ணி, மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். செருமல் பாதி வாசிக்கும்போது வலி வந்தது. இதுவரை வராத மாதிரி. சித்தி எழுந்து போகலாம் என்றாள். அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். முன் வரிசையில் எழுந்தால் அவர் கண்ணில் படும், அத்தியாயம் முடியட்டும் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

அத்தியாயம் முடிந்தது. செருமல் கண்ணாடியைக் கழற்றப் போனவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பக்கத்தைப் புரட்டி அடுத்த அத்தியாயத்தை வாசிக்க ஆரம்பித்தார்.

அதுவும் முடிகிற வரை அம்மா உட்கார்ந்திருந்தாள். கை தட்டவும் செய்தாள். படியில் இறங்கும்போது விழுந்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது இன்றைக்கு வந்தது அல்ல என்றார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவளும் முடிந்துவிட்டாள். ஒரு அத்தியாயம் முன்னால் எழுந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. டாக்டர்களும் சொல்லவில்லை. வலியில் இருந்த ஒரு பெண்ணை அவர் அவ்வளவு நேரம் கூடுதலாக உட்கார வைத்தார் என்பது மட்டும்தான் நடந்தது. அது போதும்.

பிறகு ஒருநாள் முதலாளி போன் செய்தார். செருமல் அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கட்டுரைத் தொகுப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் கடை மாடியில் அதை வாசிக்க விரும்புகிறார். நான் வர வேண்டும். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன்.

"கடைசிக் கூட்டத்துல அவர் வாசிச்சதக் கேட்டு உங்கம்மா அழுதாங்கல்ல, அதப் பத்திதாம்மா. படிச்சுட்டு எனக்கே தாங்கல."

வருகிறேன் என்றேன்.

என் வேலை அழுத்தமானிகளைச் சோதிப்பது. தப்பாகக் காட்டுகிற கருவியில் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவிடுவோம். ஏன் தப்பாகக் காட்டுகிறாய் என்று அதனிடம் கேட்பதில்லை. அம்மாவின் அழுகையைப் பற்றிய அந்தப் பத்தி அச்சேறக் கூடாது. அதற்கு மட்டும்தான் போனேன்.

கூட்டத்துக்கு முன்பே போய்விட்டேன். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மகளே" என்றார்.

என்னை அவர் அதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கூடத்துத் தரையில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போடுகிற பெண்ணாக. அப்போது மகள் ஆகவில்லை. அந்த அழுகை பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். என் வாய் மேல் விரல் வைக்காத குறையாகத் தடுத்தார். முதலில் கேளுங்கள், கேட்ட பிறகு உங்களுக்கே பேச வராது என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. தன் கட்டுரையின் திறமையைச் சொன்னார்.

மாடிக்குப் போனேன். கூடம் நிரம்பியிருந்தது. அட்டைப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயும் நின்றார்கள். இஸ்திரிக் கடைக்காரர் சலவைச் சட்டையில் வந்திருந்தார். தண்ணீர்க் கேன்காரர் மனைவியோடு வந்திருந்தார். சீட்டுக் கொடுக்கிற பெண்ணோடு பல் டாக்டரே வந்திருந்தார். கண்டக்டர் தடியை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தாராம். யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. செருமல் வாசலில் நின்று கூடத்தை ஒருமுறை பார்த்தார். என் பக்கம் குனிந்து, பார்த்தீர்களா, என் எழுத்து தேடிக் கொடுத்த ஜனங்கள் என்றார்.

கட்டுரைக்குப் பெயர் 'கண்ணீரால் படித்தவள்'.

செருமினார். வாசித்தார். அம்மா எளியவளாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவளாம், ஆனால் இதயத்தால் படித்தவளாம். பள்ளி இறுதி வரை படித்தவள் என் அம்மா. இவருடைய பின்னட்டையை ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த மூச்சில் சிரித்தவள். புத்தகங்களின் முதுகைத் தாய் போலத் தடவுவாளாம். தடவுவாள், கையில் தூசித் துணி இருக்கும். அடுக்கிலிருந்து ஒவ்வொரு நூலையும் எடுத்து முகர்ந்து பார்ப்பாளாம். கரப்பான் இருந்த அடுக்கை முகர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் பேசும்போது கண் இமைக்காமல் பார்த்திருப்பாளாம். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அது அடிக்கடி அணைந்துவிடும்.

அம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல்கூட அந்தக் கட்டுரையில் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் பேசி அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. ஊரே பயந்த வாய். ஊமையாக்கி, கண்ணில் தண்ணீரை ஊற்றி, முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

அந்த இடம் வந்தது. குரலை இறக்கினார். "அன்று ஒரு அத்தியாயத்தோடு முடிக்க எண்ணியிருந்தேன். அப்போதுதான் அந்தக் கண்களைக் கண்டேன். நிறுத்தாதே என்றன அவை. ஒரு எழுத்தாளனுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் கட்டளை அது. நான் கீழ்ப்படிந்தேன். இன்னொரு அத்தியாயம் வாசித்தேன். அது அவளுக்காக வாசித்தது. அவள் கேட்டுச் சென்ற கடைசி அத்தியாயம்."

தண்ணீர் குடித்தார். கை தட்டினார்கள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் சித்தி தைத்துக்கொண்டிருக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார் முதலாளி. எழுந்தேன்.

"அம்மா உங்க கதையக் கேட்டு அழல சார். வயித்து வலியில அழுதாங்க. நீங்க முடிச்சதும் எந்திரிக்கலாம்னு உக்காந்திருந்தாங்க. நீங்க முடிக்கல. அந்தப் பத்திய எடுத்துடுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். வருத்தம் தெரிவிப்பார் என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். வலியோடா உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடைசி வரைக்குமா என்றார். ஆமாம்.

"அவ்வளவு வலியிலயும் எந்திரிச்சுப் போகல."

இதை என்னிடம் சொல்லவில்லை. கூட்டத்திடம் சொன்னார். குரல் மறுபடி வாசிக்கிற குரலாகிவிட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கட்டுரையின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே பேசினார்.

"மகளே, நான் எழுதினத விட இது ரொம்பப் பெருசு. உயிர் போற வலியிலயும் ஒரு வாசகி எழுத்த விட்டுட்டு எந்திரிக்கல. இது எனக்குத் தெரியாமப் போச்சே."

கூட்டத்தில் உச்சுக் கொட்டினார்கள். பல் டாக்டர் தலையை ஆட்டினார். ஒரு பத்தியை நீக்க வந்த நான், அதை விட நல்ல பத்தி ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது. இந்த மனிதருக்குள் எதைப் போட்டாலும் அவரைப் பற்றியதாகத்தான் வெளியே வரும். வலியைப் போட்டேன், வாசகி வந்தாள். இன்னும் சொன்னால் இன்னும் எழுதுவார். அம்மாவின் குடலைக்கூட விட்டுவைக்க மாட்டார்.

உட்கார்ந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. முதலாளியும் கண்ணால் அதைத்தான் கேட்டார்.

"ஏன் எந்திரிக்கலங்கறதையும் எழுதிக்குங்க சார்" என்றேன்.

சொல்லுங்கள் என்றார். பேனா தயாராக இருந்தது.

"முன் வரிசை காலியாத் தெரியுமேன்னு எந்திரிக்கல. உங்க கூட்டத்துக்கு ஆள் கொண்டுவந்து உக்கார வெச்சது அம்மாதான். ஒவ்வொரு வருஷமும். போன் பண்ணி, சண்டை போட்டு, கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வருவாங்க. உங்க முன்னுரையில மூணாவது வரிசைன்னு எழுதியிருக்கீங்களே, அது எங்க சித்தி. இதோ இருக்காங்க. பொத்தான் தைக்கறதுக்காகக் குனிஞ்சிருந்தாங்க."

பேனா நின்றது.

அவர் சித்தியைப் பார்த்தார். சித்திக்கு வியர்த்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீங்கள் எல்லா வருஷமும் வந்தீர்களே அம்மா என்றார் அவர், ஏதோ நல்ல பதில் கிடைக்கும் என்ற குரலில். சித்தி பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. அந்த நேரத்தில் வரவில்லை.

"அக்கா கூப்பிட்டா வரணும் இல்லைங்களா" என்றாள்.

அவர் கண் சித்தியிடமிருந்து இஸ்திரிக் கடைக்காரருக்குப் போயிற்று. இஸ்திரிக் கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் கேன்காரர் மனைவியிடம் ஏதோ கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டார். பல் டாக்டரின் சீட்டுப் பெண் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். கண்டக்டர் ஒருவர்தான் அவரை நேராகப் பார்த்தார். கண்டக்டருக்கு இப்போது காது கேட்காது. வரிசை வரிசையாக, முகம் முகமாக, செருமல் பார்த்துக்கொண்டே போனார். வருஷக்கணக்கில் பார்த்த முகங்கள். யாருக்காக வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். முன்வரிசைவரை வந்ததும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"எழுதுனா எல்லாத்தையும் எழுதுங்க. இல்லாட்டி எதுவும் வேணாம்" என்றேன்.

கட்டுரையை மடித்தார். மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது என்றார், யாரிடமென்று இல்லாமல். தொண்டையைச் செருமவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருக்காகத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார்கள். அது ஆறியது.

ஜனங்கள் மெதுவாகக் கலைந்தார்கள். யாரும் என்னிடம் வந்து பேசவில்லை. முதலாளி நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். நானும் அடுக்கினேன். கடைசி நாற்காலியைத் தூக்கும்போது சொன்னார்.

"உங்கம்மா இருந்திருந்தா உங்கள இதச் சொல்ல விட்டிருக்க மாட்டாங்க."

"இருந்திருந்தா அவர் இத எழுதியிருக்க மாட்டார்" என்றேன்.

சட்டென்று வந்த பதில். அவர் சொன்னதற்கு அது பதில் அல்ல என்று எனக்கும் தெரிந்தது.

சித்தியோடு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் ஆரம்பித்தாள். உங்கம்மா இந்த ஆள் சேர்க்கிற வேலையை எதற்காகச் செய்தாள் என்று உனக்குத் தெரியுமா என்றாள். தூசி துடைக்கிற வேலை மிச்சம் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். உன் தலை என்றாள் சித்தி.

அந்தக் கூடத்தில் நடந்த முதல் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லையாம். வாசித்தவர் வேறு ஒருவர், வெளியூர்க்காரர், அதற்குப் பிறகு அவர் எழுதினாரா என்றே தெரியாது. முதலாளியும் அம்மாவும் மட்டும் உட்கார, நாற்காலிகளைப் பார்த்து முழுவதையும் வாசித்திருக்கிறார். முடித்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர், உங்களையும் சிரமப்படுத்திவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லையாம்.

"அப்படி ஒரு மூஞ்சிய மறுபடி பாக்கக் கூடாதுன்னுதான்டி எங்கள எல்லாம் இழுத்துக்கிட்டு அலைஞ்சா. இன்னிக்கு நீ அதே மூஞ்சிய எனக்குக் காமிச்சுட்ட."

கேட்டுக்கொண்டேன். அந்த வெளியூர்க்காரர் மன்னிப்புக் கேட்டார். இவர் பேனாவை எடுத்தார். இரண்டும் ஒரே முகம் அல்ல என்று சித்தியிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவளுக்காக நீ சண்டை போட்டாய், அவள் போட்டிருக்க மாட்டாள் என்றாள். இருக்கலாம். அவளுக்குக் காலி நாற்காலி தாங்காது. எனக்கு அந்தப் பத்தி தாங்காது. இதில் யார் சரி என்று சோதித்துப் பார்க்க என்னிடம் கருவி இல்லை.

தெரு முனையில் சித்தி நின்றாள். மூச்சு வாங்கியது. அன்றைக்குச் செருமல் இரண்டாவது அத்தியாயத்தை ஆரம்பித்ததும் அம்மா இவள் மணிக்கட்டைப் பிடித்தாளாம். முடிகிற வரை விடவில்லை. மறுநாள் குளிக்கும்போது பார்த்தால் கை கன்றிப்போயிருந்ததாம். அந்த அத்தியாயத்தில் என்ன வந்தது என்று கேட்டால் ஒரு வார்த்தை தெரியாது என்றாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டேன். விடு, வியர்க்கிறது என்று உதறிவிட்டு நடந்தாள்.

கட்டுரைத் தொகுப்பு வந்துவிட்டது. முதலாளி போன் செய்து சொன்னார். அம்மாவைப் பற்றிய கட்டுரை அதில் இல்லை. பதிலாக அதிகாலை நடையைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறாராம். இந்த முறை வாசிப்புக் கூட்டம் வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாராம்.

அன்றைக்கு மழையில் அவர் வாசித்த நாவல் மட்டும் கடையில் இருக்கிறது. வருஷக்கணக்கில் இருக்கும். அதில் எந்த அத்தியாயத்தைக் கூடுதலாக வாசித்தார் என்றும் முதலாளி சொல்லி எனக்குத் தெரியும். கதாநாயகன் ஊருக்குத் திரும்புகிறான் என்று பொருளடக்கத்தில் போட்டிருக்கிறது. திரும்பினானா, போய்ச் சேர்ந்தானா என்று எனக்குத் தெரியாது. பிரித்துப் பார்க்கவில்லை. அதை என் அம்மா முழுவதும் கேட்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்திலிருந்து அந்த மனிதருக்கு அது போதும்.